மருதாணி வேலியோரம் ஒரு புரோட்டியா

14 மார்ச் 2000

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. பால்வாடியில் முப்பது பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டு வந்து, குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நின்றதுதான் மிச்சம். பக்கத்து வீட்டு சுஜா மட்டும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு டேலியாவைக் குளிப்பாட்டுகிறாள். மனுஷருக்குக் குடிக்க இல்லை, அவள் பூவுக்குக் குளியல்.

"தொட்டியில சேத்து வச்சிருக்கோம்லா அக்கா," என்றாள், நான் கேட்காமலேயே.

எண்ணூருக்கு, இந்த உரக் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருப்பது இடுப்பளவு மருதாணி வேலி. ஆறு வருஷத்தில் அவள் என் கேட்டைத் திறந்து உள்ளே வந்ததில்லை. எது பேசினாலும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான். ஜனவரி இருபத்தாறுக்குக் கம்பெனியில் நடத்தும் தோட்டப் போட்டியில் வருஷா வருஷம் முதல் பரிசும் அவளுக்குத்தான். எவர்சில்வர் குடமாக வாங்கி அடுக்கி வைத்திருக்கிறாள். அத்தனை குடத்திலும் தண்ணீர் இருக்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

26 மார்ச் 2000

தம்பி அறிவு கப்பலிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்தான். வழக்கமாக சோப்பும் சென்ட்டும் கொண்டுவருவான். இந்த முறை பால்பவுடர் டின்னில் ஒரு செடி! டர்பனில் வாங்கினானாம். தடித்த இலை, தொட்டால் தோல் மாதிரி இருக்கிறது. பெயர் புரோட்டியா.

"இன்னாது, பரோட்டாவா?" என்றார் என் வீட்டுக்காரர். இனி இந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

அறிவு பாக்கெட்டிலிருந்து ஒரு காசு எடுத்துக் கொடுத்தான். "இத்தப் பாருக்கா. அந்த ஊரு காசுலயே இந்தப் பூவத்தான் போட்டுக்கீறானுங்கோ. இம்மாம் பெருசு பூக்கும்." இரண்டு கையையும் சேர்த்து ஒரு சட்டி அளவுக்குக் காட்டினான்.

காசில் இருப்பது பூவா, கிரீடமா என்றே தெரியவில்லை. மரத்தில் செதுக்கிய தாமரை போல இருக்கிறது. பார்க்கப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

எப்படி வளர்ப்பது என்று கேட்டேன். "கடக்காரன் மூணு விசயம் சொன்னான். நல்ல வெயில் வோணும். வேர்ல தண்ணி நிக்கக் கூடாது. மூணாவது... இன்னாவோ சொன்னான்கா. மறந்து பூட்ச்சி."

"பேரு மட்டும் அறிவு," என்றேன்.

27 மார்ச் 2000

நெட்டுக்குப்பத்திலிருந்து இரண்டு கூடை மணல் வாங்கிவந்து, வேலியோரம் குழி வெட்டி, மண்ணோடு கலந்து வைத்தாயிற்று. பகல் முழுக்க வெயில் விழும் இடம். கடல் காற்றும் உண்டு.

இவர் பக்கத்தில் நின்று அரித்துக்கொண்டே இருந்தார். மூட்டை கட்டும் செக்‌ஷனில் இருபது வருஷம். அந்தக் கம்பெனி டி.ஏ.பி. உரத்தைவிட்டால் உலகத்தில் வேறு மருந்து கிடையாது இவருக்கு. "நம்ம மூட்டையிலேர்ந்து ஒரு பிடி போட்டா கல்லு கூட பூக்கும் ரமா."

போன வருஷம் என் மல்லிக்கு இப்படித்தான் இரண்டு பிடி யூரியா போட்டுக் கருக்கினார். "இதுல கைய வெச்சே, கைய ஒட்ச்சிருவேன்," என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

2 ஏப்ரல் 2000

சுஜா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இது என்னது அக்கா, கத்தாழையா?"

"தென்னாப்பிரிக்கா செடி. அந்த ஊர் காசுல இருக்குது."

"இங்க எங்க வரும்? உப்புக் காத்துல்லா." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் சொன்ன விதம்! ராத்திரிச் சோறு இறங்கவில்லை எனக்கு.

14 ஏப்ரல் 2000

பாபாசாகேப் பிறந்தநாள். வியாசர்பாடி புத்த விகாரைக்குப் போய்விட்டு வந்து கேசரி கிளறினேன். குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். சுஜாவுக்கும் வேலி வழியாக ஒரு தட்டு. அவளும் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்கிறவள்தானே. "ஐயோ, எதுக்கு அக்கா," என்று சிரித்து வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் குப்பை கொட்டப் போனேன். தொட்டியில் என் கேசரி. முந்திரிகூடக் கலையாமல் அப்படியே கிடந்தது. மேலே ஈ.

இது முதல் தடவை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பாயசத்தைச் சாக்கடையில் கவிழ்த்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு, புளித்திருக்கும்போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு என்ன சொல்லிக்கொள்வது? எங்கள் கை பட்டது ஆகாது. அவ்வளவுதானே? கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறாளாம். உட்காரட்டும்.

இவரிடம் சொன்னேன். "வுடு ரமா, இன்னிக்கி நேத்தா நடக்குது," என்றார். விட மாட்டேன்.

ஒரே ஒரு பூ. அந்தச் செடியில் ஒன்று பூக்கட்டும். இந்த எண்ணூரில் எவளும் பார்க்காத பூ. அதைப் பார்க்க இவள் என் கேட்டைத் திறந்து, என் வாசலில் நின்று, 'அக்கா, பாக்கலாமா' என்று கேட்க வேண்டும். எனக்கு எவர்சில்வர் குடம் வேண்டாம். இது போதும்.

9 ஆகஸ்ட் 2000

புதுத் தளிர்! சிவப்பு விளிம்போடு ஏழெட்டு இலை. பால்வாடி ஆயா தாயம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். "இன்னா டீச்சரே, பிளாஸ்டிக்கு மாதிரி கீது," என்றாள். போடி.

26 ஜனவரி 2001

நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். என் செடியைத் தாண்டிப் போகும்போது ஒருவர் நின்று, "இது என்ன குரோட்டன்ஸா?" என்றார். நான் விளக்கி முடிப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே டேலியா, ஒவ்வொன்றும் குழந்தை முகம் அளவு. அவளுக்குக் குடம்.

எனக்கு ஊக்கப் பரிசு. ஒரு சோப்பு டப்பா.

20 மே 2001

செடி முட்டி உயரம் தாண்டிவிட்டது. கிளை நான்கு. விகாரைக்குப் போய்விட்டு வந்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

17 ஜூன் 2001

இலை நுனி கருகியிருக்கிறது. வெயிலா?

24 ஜூன் 2001

வெயில் இல்லை. அடி இலைகள் மஞ்சள். நுனியெல்லாம் பீடி சுட்ட மாதிரி. தண்ணீர் நிற்கவில்லை. தோண்டிப் பார்த்தேன், மண் காய்ந்துதான் இருக்கிறது. அனல் மின் நிலையத்துச் சாம்பல் விழுந்ததோ என்று ஒவ்வொரு இலையாகத் துணியால் துடைத்துவிட்டேன்.

வேலிப் பக்கத்துக் கிளை ஒன்று ஒடிந்திருக்கிறது. ஒடியவில்லை, சாய்வாக, சுத்தமாக, கத்தியால் வெட்டியிருக்கிறது. ஆடு கத்தி வைத்துக்கொண்டா மேய்கிறது?

1 ஜூலை 2001

இன்னும் இரண்டு கிளை போயிருக்கிறது. அதே சாய்வு வெட்டு. வேலியடியில் ஈர மண்ணில் செருப்புத் தடம். சின்னக் கால். குதிகால் வைத்த செருப்பு. இந்த வரிசையில் ஞாயிற்றுக்கிழமை குதிகால் செருப்பு போடுகிறவள் ஒருத்திதான்.

கிளையை வெட்டுகிறாள், வேரில் எதையோ ஊற்றுகிறாள். பிளீச்சிங் பவுடரா? மீன் கழுவிய உப்புத் தண்ணியா? அடிப்பாவி. கேசரியைக் கொட்டினே, சரி. செடி உனுக்கு இன்னாடி பண்ணுச்சு? அதுவும் எங்க கை பட்டதுன்னா?

2 ஜூலை 2001

கேட்டுவிட்டேன். தண்ணீர் லாரி வரிசையில், அத்தனை பேர் முன்னால்.

"என் செடி வேர்ல இன்னாத்த ஊத்தினே?"

சுஜா குடத்தைக் கீழே வைத்தாள். "நா என்னத்துக்கு அக்கா ஊத்தப்போறேன்? என்ன பேசுதிய?"

"ஊத்தலன்னு பைபிள் மேல சத்தியம் பண்ணு."

"நா எதையும் ஊத்தல. சத்தியமா ஊத்தல."

"சரி. வேலிப் பக்கம் வரவே இல்லன்னும் சத்தியம் பண்ணு."

வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள். முகம் அப்படியே வெளுத்தது. ஏதோ சொல்ல வந்தாள். தொண்டை வரைக்கும் வந்தது, எனக்கே தெரிந்தது. அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டு, வரிசையை விட்டே போய்விட்டாள். லாரி நின்றுகொண்டிருக்கும்போது தண்ணீர் பிடிக்காமல் போகிறவள் குற்றவாளி இல்லாமல் வேறு யார்? எல்லாரும் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேறிக்கும் ரமா. நான் பாத்துக்கறேன்," என்றார்.

22 ஆகஸ்ட் 2001

பேச்சு வார்த்தை கிடையாது. என் துணி அவள் பக்கம் பறந்து விழுந்தால் குச்சியால் தூக்கி வேலிமேல் போடுகிறாள். அவள் பக்கத்து முருங்கை இலை என் வாசலில் விழுந்தால் கூட்டி அள்ளி அங்கேயே கொட்டுகிறேன்.

செடி தேறவில்லை.

24 ஜனவரி 2002

மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுஜா வீட்டில் யாரும் இல்லை. கேட்டைச் சரியாகச் சாத்தாமல் போயிருக்கிறாள். குப்பத்து ஆடுகள் ஐந்தாறு, முதலில் ஒன்று தலையை நுழைத்தது, பிறகு வரிசையாக எல்லாம். டேலியா, ஜினியா, எதையும் மிச்சம் வைக்கவில்லை. நாளை மறுநாள் போட்டி.

கேட்டை நான் திறக்கவில்லை. நான் போய் மூடவும் இல்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடியிருக்கும். அரிசியில் கல் நிறைய இருந்தது, பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

26 ஜனவரி 2002

அவளுக்குக் குடம் இல்லை. நல்ல தூக்கம் வந்தது.

10 மார்ச் 2002

செத்துவிட்டது.

ஒரு மாதமாகவே தெரியும். இன்றைக்கு விகாரைக்குப் போகவில்லை, மனசில்லை. கடப்பாரை எடுத்து வேரோடு தோண்டினேன். தாடிமயிர் மாதிரி மெல்லிய வேர், எல்லாம் கறுத்து, கையில் எடுத்தால் உதிர்கிறது. அந்த வேர் நடுவே மணி மணியாக என்னவோ. சாம்பலும் பழுப்புமாக, கடுகைவிடப் பெரிது. பாதி கரைந்தது, பாதி கரையாதது.

அது என்ன என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை எனக்கு. இருபது வருஷமாக இவர் பேன்ட் மடிப்பிலிருந்து அதைத்தான் உதறித் துவைக்கிறேன்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எவ்ளோ போட்டே?"

"ஒரு பிடி."

"ஒரு பிடியா?"

"ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம. நீ விகாரைக்குப் பூட்டப்புறம்."

"எத்தினி மாசமா?"

"நட்டு ஒரு வருசம் ஆச்சு, பூக்கலியேன்னு... உனுக்கு பிரைசு வரட்டும்னுதான் ரமா. அப்புறம் மஞ்சளாச்சா, சத்து பத்தலன்னு ரெண்டு பிடியாக்கினேன்."

இன்னா மனுசன்யா நீ. ஒரு பேச்சு கேட்டா இன்னா? உன் கம்பெனி, உன் மூட்டை, உன் டி.ஏ.பி. — ஊருக்கெல்லாம் சோறு போடுதாம். என் செடிக்கு வாய்க்கரிசி போட்டுட்டியேய்யா.

கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். சமைக்கவில்லை. கடையிலிருந்து பரோட்டா வாங்கிவந்து வைத்தார். அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாங்கிவந்த பிறகுதான் அவருக்கும் உறைத்திருக்கிறது. இரண்டு பேரும் தொடவில்லை.

5 மே 2002

அறிவு வந்தான். செடி செத்த கதையைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். "அதான்கா அந்த மூணாவது! உரம் போடாதேன்னான். அதுங்க பாறை இடுக்குல மொளைக்கிற சாதியாம். வெறும் மண்ணுதான் வோணுமாம். உரம் வெசமாம்."

ஒரு உரக் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குச் செடி கொண்டுவருகிறவனுக்கு மறக்க அந்த ஒன்றுதான் கிடைத்ததா?

6 மே 2002

சுஜா எதையும் ஊற்றவில்லை. சரி. அன்றைக்கு அவள் செய்த சத்தியம் நிஜம்தான்.

அப்படியென்றால் வேலிப் பக்கம் வந்தாயா என்றதற்கு ஏன் வாயடைத்துப் போனாள்? கிளையை வெட்டியது யார்?

போய்க் கேட்கலாம். மாட்டேன். ஊற்றவில்லை என்பதற்காக நல்லவள் ஆகிவிடுவாளா? கேசரியைக் கொட்டியது கொட்டியதுதான்.

17 நவம்பர் 2002

மழை. வேலியில் மருதாணி காடாக வளர்ந்துவிட்டது. இவர் வெட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவள் முகம் தெரியாமல் இருக்கட்டும்.

செடி இருந்த குழியில் புல் மண்டிவிட்டது. காசு அஞ்சறைப்பெட்டியில் மஞ்சளுக்குள் கிடக்கிறது.

3 அக்டோபர் 2003

கம்பெனியில் விருப்ப ஓய்வு அறிவித்திருக்கிறார்கள். இவருக்கு இன்னும் வயது இருக்கிறது, எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறார். சுஜா வீட்டுக்காரர் ஜெஸ்வின் கணக்குப் பிரிவில் முதல் ஆளாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஊரோடு போய் நாசரேத்தில் அண்ணன் கடையோடு சேரப் போகிறார்களாம். தாயம்மா வந்து சொன்னாள்.

நல்லது. தண்ணீர் வரிசையில் ஒரு குடம் குறையும்.

14 டிசம்பர் 2003

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மிளகாய் காயவைக்க மாடிக்குப் போனேன். காற்றில் முறம் பறந்து சுஜா மாடிப் பக்கம் விழுந்தது. இரண்டு மாடிக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். யாரும் இல்லை என்று தாண்டிப் போனேன். முறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது.

தொட்டிக்குப் பின்னால் ஒரு உடைந்த பானை. பானையில் என் செடி.

என் செடிதான். அந்தத் தோல் இலையை நான் எங்கே பார்த்தாலும் அறிவேன். இரண்டடி உயரம். ஒரு இலைகூட மஞ்சள் இல்லை. பானையில் மண்ணே கிடையாது, வெறும் மணலும் தேங்காய் நாரும். நுனியில் மொட்டு ஒன்று. என் கட்டைவிரல் அளவு, செதில் செதிலாக, இறுக மூடி...

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. படியில் சத்தம் கேட்டது. துணி உலர்த்த வந்த சுஜா என்னைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"திருடி," என்றேன். முதல் வார்த்தை அதுதான் வந்தது.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். "மூணு கிளை வெட்டுனேன் அக்கா. ரெண்டு பட்டுப்போச்சு. இது பிடிச்சுது."

"எப்போ?"

"அந்த ஜூன் மாசம். ஞாயித்துக்கிழம. கோயிலுக்குக் கெளம்புததுக்கு முன்ன."

"ஒரு கையில பாட்டுப் பொஸ்தகம், ஒரு கையில என் கிளையா?"

அவள் குனிந்து வாளியிலிருந்த ஒரு துணியைப் பிழிந்தாள்.

"உப்புக் காத்துல வராதுன்னியே. அப்புறம் இன்னாத்துக்குடி வெட்டுனே?"

"ஆசையா இருந்துச்சு. கேட்டா நீங்க தர மாட்டிய."

ஆமாம், தரமாட்டேன். அது உண்மை. அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னை அடித்துப்போட்டது.

"நா வெட்டிட்டு இருக்கும்போது உங்க வீட்டு அண்ணாச்சி வந்தாவ. கை நெறய உரம் கொண்டாந்து வேர்ல போட்டாவ. நா வேலிக்கிப் பொறத்தால குனிஞ்சிக்கிட்டேன். மறு ஞாயிறும் அதேதான். அதுலதான் செடி கருகுதுன்னு எனக்கு அப்பமே தோணிச்சு."

"தண்ணி லைன்ல வெச்சு உன்ன நான் அப்டி நாறடிச்சேனே, அப்ப சொல்றதுக்கு இன்னா? வாய் இல்ல?"

"என்னன்னு சொல்லுவேன்? அண்ணாச்சி போட்டத நா பாத்தேன்னா, நீ எதுக்குடி அந்நேரம் வேலிக்கிட்ட நின்னன்னு கேப்பியல்லா?"

அன்றைக்கு அவள் தொண்டையில் நின்றது இதுதான். தன்மேல் தப்பில்லை என்று காட்ட அவளிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதை வெளியே எடுத்தால் திருட்டும் சேர்ந்து வெளியே வரும். இரண்டரை வருஷம் அதை விழுங்கிக்கொண்டு, ஊரார் பார்வையையும் வாங்கிக்கொண்டு, இந்தப் பானையை இங்கே ஒளித்து வைத்திருக்கிறாள். ஒளித்து வைத்ததால்தான் பிழைத்ததோ? யாருக்கும் தெரியக் கூடாது என்று உரம் கிடையாது, நல்ல தொட்டி கிடையாது, தண்ணீர்கூட நினைத்தபோதுதான். வெயிலும் காற்றும் மணலும். அறிவு மறந்தது உள்பட மூன்றும் அப்படியே நடந்திருக்கிறது.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஆறின கோபம் இல்லை, புதுக் கோபம்.

"என் கேசரி ஆவாது. என் வூட்டுப் பாயசம் ஆவாது. சாக்கடையில ஊத்துவே. என் கை வெச்ச செடியோட கிளை மட்டும் ஆவுமா உனக்கு?"

சுஜா தலையைக் குனிந்துகொண்டாள். காது சிவந்தது. வேறு எதற்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது, இதற்கு இல்லை.

முறத்தை எடுத்துக்கொண்டு சுவரைத் தாண்டினேன். பின்னாலிருந்து சொன்னாள்: "ஆடு மேஞ்சப்ப நீங்க ஜன்னல்ல இருந்திய. ரிக்‌ஷாவுல வந்துக்கிட்டிருந்தேன். பாத்தேன்."

திரும்பிப் பார்க்கவில்லை. மிளகாயை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

15 டிசம்பர் 2003

அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தும் அதை எங்கேயும் சொல்லவில்லை.

மிளகாய் மூட்டையாகக் கட்டி என் மாடிப் படியில் வைத்திருந்தது. சாரல் அடித்தது, நான் மறந்தேபோனேன். யார் கட்டினார்கள் என்று கேட்கவில்லை.

26 ஜனவரி 2004

அவளுக்கு இங்கே கடைசிப் போட்டி. மொட்டு வாய் திறக்க ஆரம்பித்திருக்கும். நடுவர்களை மாடிக்கு ஏற்றிக் காட்டுவாள், குடம் வாங்குவாள், நான் அத்தனை பேர் முன்னாலும் பானையைப் பிடுங்குவேன் — இதையெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

ஏற்றவில்லை. டேலியாவை மட்டும் காட்டினாள். இரண்டாம் பரிசு. மாடியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை அவள்.

பயந்துவிட்டாள் என்று இவரிடம் சொன்னேன். "அப்டியே வெச்சிக்கோ," என்றார். இவருக்கு இப்போதெல்லாம் வாய் நீளம்.

8 பிப்ரவரி 2004

லாரி வந்துவிட்டது. காலையிலிருந்து பீரோவும் கட்டிலும் ஏறிக்கொண்டிருந்தன. நான் வெளியே போகவில்லை. விகாரைக்கும் போகவில்லை. காரணமே இல்லாமல் ரவையை வறுத்துக் கேசரி கிளறினேன். காரணம் இல்லாமல் என்று எழுதியது பொய். காரணம் இருந்தது. அவள் போகிறதற்கு முன்னால் வேலிமேல் ஒரு தட்டு வைக்க வேண்டும், அவள் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அதைக் காதால் கேட்க வேண்டும். வாங்கிச் சிரித்துக் கொட்டுவது போதும்.

கேட் திறக்கிற சத்தம். என் கேட்.

சுஜா. இடுப்பில் அந்தப் பானை. வாசலுக்கு வந்து, படி ஏறி, நடையில் வைத்தாள். மொட்டு பாதி விரிந்திருந்தது. உள்ளே வெளிறின ரோஜா நிறம்.

"லாரியில வச்சா குலுங்கி விழுந்துரும்," என்றாள். பொய். டேலியாக் கிழங்கு, குரோட்டன்ஸ், முருங்கைக் கம்பு எல்லாம் லாரியில் ஏறியிருக்கிறது. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேனே.

"மாடியிலயே வைங்க. தண்ணி ரொம்ப ஊத்தாதிய. அண்ணாச்சியக் கிட்ட விடாதிய."

போகத் திரும்பினாள்.

"நில்லு," என்றேன். உள்ளே போய்த் தட்டில் கேசரி வைத்துக் கொண்டுவந்தேன். கரண்டியும் வைத்தேன். "இங்க நின்னு துன்னுட்டுப் போ. இல்ல, வோணாம்னு என் மூஞ்சிய பாத்து சொல்லிட்டுப் போ."

தெருவில் ஜெஸ்வின் ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எடுத்து ஒரு வாய் போட்டாள். மென்றாள். இன்னொரு வாய். கண்ணில் தண்ணீர் எதுவும் இல்லை, எனக்கும் இல்லை. தட்டு காலியாகும்வரை நின்றே சாப்பிட்டாள். நான் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இனிப்பு கம்மி."

கம்மியாம்! பத்து வருஷம் தின்னாதவளுக்கு இன்று கம்மியாம். பதில் தோன்றுவதற்குள் கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நல்ல நல்ல பதிலெல்லாம் லாரி எக்ஸ்பிரஸ் ரோடு திரும்பிய பிறகுதான் வந்தது.

22 பிப்ரவரி 2004

முழுசாக விரிந்துவிட்டது. மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அஞ்சறைப்பெட்டியிலிருந்து காசை எடுத்துக் கழுவிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காசில் செதுக்கியவனுக்குக் கை வரவில்லை. நடுவில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு கூர், சுற்றிலும் அடுக்கடுக்காக மடல், விரல் வைத்தால் வெல்வெட். அறிவு காட்டிய சட்டி அளவு இல்லை. கிண்ணம் அளவு. அது போதும்.

தாயம்மா வந்தாள், பால்வாடி பிள்ளைகள் வந்தார்கள், தண்ணீர் லாரி வரிசை முழுக்க ஏறி வந்தது. பார்க்க வேண்டியவள் முன்னாலேயே வந்துவிட்டுப் போய்விட்டாள்.

எல்லாரும் இறங்கிய பிறகு இவர் மாடிப் படியில் நின்றார். மேலே வரவில்லை.

"கிட்ட வரட்டா?"

"கையக் காட்டு."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். பேன்ட் மடிப்பைக்கூட உதறிக் காட்டினார். சரி வா என்றேன்.

14 ஏப்ரல் 2004

பாபாசாகேப் பிறந்தநாள். பக்கத்து வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. பூ காய்ந்துவிட்டது, ஆனால் கீழே இரண்டு புதுத் தளிர்.

கேசரி கிளறினேன். கிளறும்போது சர்க்கரை இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்டேன். இவர் ஒரு வாய் எடுத்துவிட்டு, "இன்னாமே, இந்த வாட்டி தித்திப்பு தூக்கலா கீது?" என்றார்.

பேசாமல் தின்னு என்றேன்.